கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்: ஒலிபெருக்கிகளைக் குறிவைக்கும் கலை

நம் தமிழ் நிகழ்ச்சிகளில் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை ஆகியவற்றோடு தவறாமல் இடம்பெறும் இன்னோர் உரையும் உண்டு. "பின்னால் அமர்ந்திருப்பவர்கள் தயவுசெய்து அமைதி காக்கவும்" என்பதே அது. அறிவிப்பாளர் இதைச் சொன்னதும் முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்து முகம் சுளிப்பார்கள். 'நம்மவர்களுக்குச் சபை ஒழுங்கு தெரியாது' என்று ஒரு தீர்ப்பும் எழுதப்பட்டுவிடும்.

பின்வரிசையில் பேசுகிறார்கள், அதனால் கேட்கவில்லை என்பது பாதி உண்மை. கேட்கவில்லை, அதனால் பேசத் தொடங்குகிறார்கள் என்பது மறுபாதி. அந்த மறுபாதியைப் பற்றியதே இக்கட்டுரை. அதைச் சரிசெய்யக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. ஒலிபெருக்கியின் கோணத்தைச் சரியாக வைத்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்து, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்று, இப்போது பினாங்கில் இயற்பியல் பயில்கிறேன். விடுமுறை நாள்களில் ஜார்ஜ்டவுனில் ஒலி, ஒளி அமைப்புச் செய்யும் குழு ஒன்றோடு கூலிக்கு வேலை செய்கிறேன். விரிவுரையில் ஆங்கிலத்தில் படித்த டெசிபலும் அலைநீளமும் உண்மையில் என்ன என்பது, கேபிளைச் சுருட்டிக்கொண்டு காலி நாற்காலிகளுக்கு இடையே நடந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அதை நம் மொழியில், நம் நிகழ்ச்சிகளை முன்வைத்துச் சொல்ல முயல்கிறேன்.

தூரம் தின்னும் ஒலி

சிறிய ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து புறப்படும் ஒலி, ஊதப்படும் பலூனைப் போல் எல்லாத் திசையிலும் விரிகிறது. தூரம் இருமடங்கானால் அதே ஆற்றல் நான்கு மடங்கு பரப்பில் பரவ வேண்டும். ஆகவே, தூரம் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலியளவு 6 டெசிபல் குறைகிறது.

மண்டபத்தின் இரு பக்கமும் முக்காலியில் ஒலிபெருக்கி நிறுத்துவது நமக்குப் பழகிய காட்சி. முதல் வரிசை அதிலிருந்து 4 மீட்டரில் இருக்கிறது, கடைசி வரிசை 32 மீட்டரில் இருக்கிறது என்று கொள்வோம். 4 எட்டாகி, எட்டு பதினாறாகி, பதினாறு முப்பத்திரண்டாகிறது. மூன்று முறை இருமடங்கு. ஆகவே 18 டெசிபல் இழப்பு. ஆற்றலில் சொன்னால், முன்வரிசைக்குக் கிடைப்பதில் சுமார் 63-இல் ஒரு பங்குதான் கடைசி வரிசைக்குப் போகிறது. மூடிய மண்டபத்தில் சுவர்களின் எதிரொலி இந்த வித்தியாசத்தைச் சற்று ஈடுகட்டும். ஆனால் அந்த எதிரொலி சத்தத்தைத்தான் கூட்டும், தெளிவைக் கூட்டாது.

மின்விசிறியும் மக்களின் சலசலப்பும் சேர்ந்து பின்பக்கம் 60 டெசிபல் இருந்தால், பேச்சு தெளிவாகப் புரிய அதைவிட 15 டெசிபலாவது கூடுதலாக வேண்டும். அதாவது 75. அந்த 75-ஐக் கடைசி வரிசைக்குக் கொடுக்க, முன்வரிசைக்கு 93 கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ், 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றும், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. அந்தக் கணக்குப்படி 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். நம் நிகழ்ச்சிகளோ மூன்று மணி நேரம் நடக்கின்றன. முன்வரிசையில் பிரமுகர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? நடனமாடக் காத்திருக்கும் சிறு பிள்ளைகளும் மேடையோரத்தில் ஒலிபெருக்கிக்கு அருகிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

'பின்னால் கேட்கவில்லை, சத்தத்தைக் கூட்டுங்கள்' என்பது பந்தியில் கடைசி இலைக்குச் சோறு வரவில்லை என்பதற்காக முதல் இலையில் மேலும் இரண்டு கரண்டி வைப்பதைப் போன்றது.

ழகரம் எங்கே தொலைகிறது?

பேச்சில் உயிரெழுத்துகள் பலமானவை. அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில் உள்ளது. மெய்யெழுத்துகள் மெலிந்தவை. ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் வேலையைப் பெரும்பாலும் அவைதாம் செய்கின்றன. அதற்கு மிகவும் தேவையான பகுதி சுமார் 1,000 ஹெர்ட்சுக்கும் 4,000 ஹெர்ட்சுக்கும் இடையில் இருக்கிறது.

தமிழுக்கு இது இன்னும் முக்கியம். கலை, களை, கழை என்னும் மூன்று சொற்களையும் சொல்லிப் பாருங்கள். நாக்கு மடங்கும் விதம் மாறும்போது குரலின் மேல் ஒத்ததிர்வுகளின் இடம் மாறுகிறது. காது பிடித்துக்கொள்ளும் வேறுபாடு அவ்வளவே. மனம் என்பதும் மணம் என்பதும் அப்படியே. அந்த அதிர்வெண் பகுதி கடைசி வரிசைக்குப் போய்ச் சேராவிட்டால் அங்கே 'சத்தம்' கேட்கும், சொல் கேட்காது. 'ஏதோ பேசுகிறார்கள்' என்று பாட்டி சொல்வது இதைத்தான். ஒலியின் அளவு வேறு, தெளிவு வேறு. மிக்சரில் பாஸைக் கூட்டினால் அளவுதான் கூடும்.

மேல் அதிர்வெண்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. அவை கைவிளக்கின் ஒளியைப் போல் ஒரு திசையிலேயே செல்பவை. ஒலிபெருக்கி எங்கே பார்க்கிறதோ அங்கேதான் போகும். எனவே, தெளிவைக் கடைசி வரிசைக்கு அனுப்புவது என்றால் ஒலிபெருக்கியை அங்கே குறிவைப்பது என்றே பொருள்.

கூம்பிலிருந்து வரிசைக்கு

திருவிழாவில் மரத்தில் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கி, ஒலியை ஒரு பக்கமாகத் திரட்டி அனுப்பும் பழைய வழி. பள்ளி மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் சுவரோரம் நிற்கும் உயரமான, ஒல்லியான பெட்டி இன்னொரு வழி. அதற்குள் சிறு ஒலிபெருக்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். எதிரே இருப்பவருக்கு அவை எல்லாவற்றின் ஒலியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து ஒன்றுகூடும். மேலேயும் கீழேயும் வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே ஒலி கூரைக்குப் போகாமல் மக்களை நோக்கிப் போகும். ஹாரி ஓல்சன் 1957-இல் வெளியிட்ட ஒலிப் பொறியியல் நூலிலேயே இத்தகைய நேர்கோட்டு ஒலிமூலங்களின் கணக்கு இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒலிமூலங்கள் ஒன்றோடொன்று இசைந்து நடக்க, அவற்றுக்கு இடையிலான தூரம் அலைநீளத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.5 மீட்டர், அதற்கு இது எளிது. 10,000 ஹெர்ட்சிலோ அலைநீளம் 3.5 சென்டிமீட்டர்தான். அவ்வளவு நெருக்கமாக ஒலிபெருக்கிகளை வைக்க இயலாது. மேல் அதிர்வெண்கள் விசிறிபோல் சிதறி, ஓர் இருக்கையில் கேட்டும் அடுத்த இருக்கையில் கேட்காமலும் போயின.

இதற்கு விடை கண்டவர் பிரான்சு நாட்டு இயற்பியலாளர் கிறிஸ்டியன் ஹைல். 1992-இல் வியன்னாவில் நடந்த ஒலிப் பொறியியல் சங்க மாநாட்டில் அவரும் மார்செல் உர்பானும் இதுபற்றிய ஆய்வுரையைப் படைத்தனர். பெட்டிக்குள் ஒலி செல்லும் எல்லாப் பாதைகளையும் ஒரே நீளமாக்கும் குழாய் ஒன்றை ஹைல் வடிவமைத்தார். அதன் வாயிலிருந்து மேல் அதிர்வெண் அலை வளையாமல், தட்டையான நாடாவைப் போல் வெளிவரும். ஒரு பெட்டியின் நாடாவும் அடுத்த பெட்டியின் நாடாவும் ஏறத்தாழ இடைவெளியின்றித் தொடரும். எல்-அகூஸ்டிக்ஸ் நிறுவனத்தின் வி-டாஸ்க் என்னும் அமைப்பு இப்படிப் பிறந்தது. இன்று பெரிய இசைநிகழ்ச்சிகளில் மேடையின் இரு பக்கமும் வாழைப்பழச் சீப்பைப் போல் வளைந்து தொங்குகிறதே, அதுதான் லைன் அரே. நாம் அதை வரிசை ஒலிபெருக்கி எனலாம்.

அந்த வளைவு எதற்காக?

பலரும் அந்த வளைவை அழகுக்காக என்று நினைக்கிறார்கள். உண்மையில் முழு அமைப்பின் அறிவும் அந்த வளைவில்தான் இருக்கிறது. தோட்டத்தில் குழாயால் நீர் பாய்ச்சுபவரைப் பாருங்கள். தொலைவிலுள்ள செடிக்கு வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, நீரைக் குவித்து அடிப்பார். காலடியில் உள்ள செடிக்கு விரலைத் தளர்த்திப் பரவலாக விடுவார். வரிசை ஒலிபெருக்கியின் மேற்பெட்டிகள் முதல் வேலையையும் கீழ்ப்பெட்டிகள் இரண்டாம் வேலையையும் ஒரே நேரத்தில் செய்கின்றன.

இதை நமக்குத் தெரிந்த ஓரிடத்தில் கணக்கிட்டுப் பார்ப்போம். ஜார்ஜ்டவுனின் பாடாங் கோத்தா லாமா திடலை அறியாதவர் நம்மில் குறைவு. கிழக்கே கார்ன்வாலிஸ் கோட்டை, மேற்கே 1903-இல் கட்டப்பட்ட மாநகர மன்றக் கட்டடம், வடக்கே கடல். அங்கே ஒரு தமிழ் விழா நடத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒலிபெருக்கிக்கு 5 மீட்டர் முன்னால் தொடங்கி 50 மீட்டர் வரை நாற்காலிகள். தரை சமதளம். உட்கார்ந்திருப்பவரின் காது தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் 8 பெட்டிகள். ஒவ்வொன்றும் சுமார் 25 சென்டிமீட்டர் உயரம். மேற்பெட்டி தரையிலிருந்து 8 மீட்டரில் தொங்குகிறது.

மேற்பெட்டி கடைசி வரிசையைப் பார்க்க ஏறத்தாழ 8 பாகை கீழ்நோக்கிச் சாய வேண்டும். கீழ்ப்பெட்டி முதல் வரிசையைப் பார்க்க 44 பாகை சாய வேண்டும். இடையில் இருப்பது 36 பாகை. எட்டுப் பெட்டிகளுக்கு இடையே ஏழு இணைப்புகள். 36-ஐ ஏழால் வகுத்து எல்லாவற்றுக்கும் 5 பாகை வைத்துவிடலாமே என்று தோன்றும். அப்படி வைத்தால் இரண்டாம் பெட்டியே 28 மீட்டரில் போய் விழும். 30 மீட்டருக்கு அப்பால் இருக்கும் கூட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு பெட்டிதான். முன்னால் 5 மீட்டரிலிருந்து 11 மீட்டருக்குள் மட்டும் நான்கு பெட்டிகள் குவிந்துவிடும். பாகைகளைச் சமமாகப் பங்கிட்டோம். ஆனால் மக்களுக்குச் சமமாகப் பங்கிடவில்லை.

சரியான பங்கீடு மேலிருந்து கீழாக 1, 2, 3, 5, 7, 8, 10 பாகை என்பதுபோல் அமையும். கூட்டினால் அதே 36 பாகைதான். அப்போது ஒவ்வொரு பெட்டியும் பார்க்கும் இடம் இவ்வாறு இருக்கும்:

முதல் பெட்டி, 8 பாகை: 48 மீட்டர்
இரண்டாம் பெட்டி, 9 பாகை: 41 மீட்டர்
மூன்றாம் பெட்டி, 11 பாகை: 32 மீட்டர்
நான்காம் பெட்டி, 14 பாகை: 24 மீட்டர்
ஐந்தாம் பெட்டி, 19 பாகை: 17 மீட்டர்
ஆறாம் பெட்டி, 26 பாகை: 11.5 மீட்டர்
ஏழாம் பெட்டி, 34 பாகை: 8 மீட்டர்
எட்டாம் பெட்டி, 44 பாகை: 5 மீட்டர்

இப்போது 30 மீட்டருக்கு அப்பால் மூன்று பெட்டிகள் வேலை செய்கின்றன. இதன் பலனை எண்ணில் பார்ப்போம். கடைசி வரிசை, மேற்பெட்டியிலிருந்து 50 மீட்டருக்குச் சற்று அதிகம். முதல் வரிசை, கீழ்ப்பெட்டியிலிருந்து 7 மீட்டர். தனி ஒலிபெருக்கியாக இருந்தால் இந்தத் தூரங்களுக்கு இடையே 17 டெசிபல் வித்தியாசம் வரும். ஆனால் மேலே இரு பெட்டிகள் 1 பாகை இடைவெளியில் தம் ஆற்றலைச் சேர்த்துக் குவிக்கின்றன. கீழே இரு பெட்டிகள் அதே ஆற்றலை 10 பாகையில் பரப்புகின்றன. மேல் அதிர்வெண்களில் இது ஏறத்தாழ பத்து மடங்கு வேறுபாடு, அதாவது 10 டெசிபல். 17 போய் 7 மிஞ்சுகிறது. முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே 6 டெசிபல் என்பது நடைமுறையில் நல்ல இலக்கு, அதை நெருங்கிவிட்டோம். இவ்வளவுக்கும் எந்தப் பொத்தானையும் திருகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் உயர்த்தித் தொங்கவிட்டால் என்ன? மேற்பெட்டியை 10 மீட்டருக்குக் கொண்டுபோனால் தூர வித்தியாசம் 17-இலிருந்து 15 டெசிபலாகக் குறையும். ஆனால் மூட வேண்டிய கோணம் 36-இலிருந்து ஏறத்தாழ 45 பாகையாகும். கூடுதல் பெட்டிகள் வேண்டும். முன்வரிசையினருக்குப் பேச்சாளர் வானத்திலிருந்து பேசுவதுபோல் தோன்றும். அதற்காகத்தான் மேடை விளிம்பில் சிறு ஒலிபெருக்கிகளை வைத்து முதல் இரண்டு வரிசைகளுக்குத் தனியாக ஒலி கொடுப்பார்கள்.

இரண்டு தவறான நம்பிக்கைகள்

'லைன் அரேயில் தூரம் இருமடங்கானால் 3 டெசிபல்தான் குறையும்' என்பது விற்பனையாளர்கள் சொல்லும் பெருமை. நேரான வரிசைக்கு, ஓர் எல்லை வரைக்கும்தான் அது உண்மை. அந்த எல்லை வரிசையின் நீளத்தையும் அதிர்வெண்ணையும் பொறுத்தது. 2 மீட்டர் நீள வரிசைக்கு 8,000 ஹெர்ட்சில் அந்த எல்லை சுமார் 46 மீட்டர். 1,000 ஹெர்ட்சில் 6 மீட்டருக்கும் குறைவு. 100 ஹெர்ட்சில் ஒரு மீட்டர்கூட இல்லை. எல்லைக்கு அப்பால் மீண்டும் அதே 6 டெசிபல்தான். வரிசையை வளைத்துவிட்டால் இந்த எளிய கணக்கும் பொருந்தாது. ஆகவே, சமமான ஒலிபரப்பு என்பது லைன் அரேயோடு இலவசமாக வருவதன்று, கோணங்களால் சம்பாதிப்பது.

'இரண்டு பெட்டி தொங்கவிட்டாலும் லைன் அரேதான்' என்பது இரண்டாவது நம்பிக்கை. ஒரு வரிசை தன் நீளத்தைவிடச் சிறிய அலைநீளங்களைத்தான் திசைப்படுத்த முடியும். 2 மீட்டர் வரிசை சுமார் 175 ஹெர்ட்சுக்கு மேல்தான் ஒலியைப் பிடித்து வைத்திருக்கும். அரை மீட்டர் வரிசையில் அந்த எண் 700 ஹெர்ட்சாகிவிடும். அதற்குக் கீழே உள்ள ஒலி கூரைக்கும் சுவருக்கும் தெருவுக்கும் தாராளமாகப் போகும். சிறு மண்டபத்திற்கு இரண்டே பெட்டிகள்தான் வாங்க முடியும் என்றால், நல்ல சாதாரண ஒலிபெருக்கியை உயரமாக நிறுத்திக் கடைசி வரிசையை நோக்கிச் சாய்ப்பது அதைவிடச் சிறந்தது.

பினாங்கின் காற்றும் சுவர்களும்

திறந்தவெளியில் காற்றும் ஒலியைத் தின்கிறது, அதுவும் மேல் அதிர்வெண்களை. இங்கே நமக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. ஐ.எஸ்.ஓ. 9613 என்னும் பன்னாட்டுத் தரநூலின் அட்டவணைப்படி, 8,000 ஹெர்ட்சில், 15 பாகை செல்சியசும் 20 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டருக்கு 202 டெசிபலை உறிஞ்சுகிறது. 30 பாகையும் 70 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்று 59 டெசிபலையே உறிஞ்சுகிறது. நம் 50 மீட்டர் கூட்டத்திற்கு முன்னது 10 டெசிபல், பின்னது 3 டெசிபல். நம்மை வியர்க்க வைக்கும் பினாங்கின் புழுக்கம் ஒலிக்கு உதவுகிறது! அதே வேளையில், உலர்ந்த ஊருக்காக மேல் அதிர்வெண்களைக் கூட்டி வைத்த அமைப்பை இங்கே அப்படியே போட்டால் காதைக் கிழிக்கும்.

வெயில் நேரத்தில் தரை சூடாக இருக்கும். ஒலி மேல்நோக்கி வளையும். இரவில் தரை குளிர்ந்ததும் ஒலி கீழ்நோக்கி வளைந்து தொலைவு செல்லும். நூறு மீட்டருக்கு மேற்பட்ட தூரங்களில் இது நன்றாகவே தெரியும். மாலை நான்கு மணிக்குச் சோதித்த அமைப்பு இரவு பத்து மணிக்கு அண்டை அயலாரின் படுக்கையறைக்குள் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுவர்கள் இன்னொரு தொல்லை. பாடாங்கில் மேடை மாநகர மன்றத்தைப் பார்த்தபடி அமைந்தால், கூட்டத்தின் தலைக்குமேல் போகும் ஒலி அந்தப் பெரிய முகப்பில் மோதித் திரும்பும். கடைசி வரிசைக்கு 60 மீட்டர் பின்னால் சுவர் இருந்தால் ஒலி போய்வர 120 மீட்டர். 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 349 மீட்டர். ஆகவே எதிரொலி மூன்றில் ஒரு வினாடி தாமதமாக வரும். நாம் பேசும் வேகத்தில் அதற்குள் ஓரிரு அசைகள் கடந்திருக்கும். பழைய அசை புதிய அசையின்மேல் விழுந்து இரண்டையும் கெடுக்கும். எனவே மேற்பெட்டியின் பார்வை கடைசி வரிசையினரின் தலையோடு நிற்க வேண்டும். மாடி இருக்கைகள் உள்ள மண்டபத்தில் மாடியின் முகப்புச் சுவரை எந்தப் பெட்டியும் பார்க்காதபடி கோணத்தைத் தாண்டவிட வேண்டும். ஒலியை எங்கே அனுப்புவது என்பதோடு எங்கே அனுப்பக்கூடாது என்பதும் குறிவைத்தலில் அடங்கும்.

வரிசை வேண்டாத இடங்கள்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையை எண்ணிப் பாருங்கள். கூட்டம் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. நீண்ட சாலையிலும், பின்னர் ஆலயத்தின் 513 படிகளிலும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அங்கே ஒரு முனையில் பெரிய அமைப்பை வைத்து மறுமுனைக்கு அனுப்புவது பொருளற்றது. சில மீட்டர்களுக்கு ஒன்றாகச் சிறு ஒலிபெருக்கிகளைக் குறைந்த ஒலியில் வைப்பதே பொருத்தம். பக்கத்துப் பந்தலோடு போட்டியிட்டுச் சத்தத்தைக் கூட்டினால், இரு பந்தல்களின் பாடலும் எவருக்கும் விளங்காது.

கூட்டம் மிக ஆழமாக இருந்தால் நடுவில் இரண்டாவது கோபுரம் வைப்பார்கள். மேடையிலிருந்து 50 மீட்டரில் அது இருந்தால், மேடையின் ஒலி அங்கு வந்துசேர 143 மில்லிவினாடி ஆகும். கோபுரத்தின் ஒலியை அதே அளவும், மேலும் 10 முதல் 15 மில்லிவினாடியும் தாமதிக்க வேண்டும். முதலில் வந்த ஒலியின் திசையையே காது நம்பும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949-இல் ஆராய்ந்து காட்டினார். அதனால் கோபுரத்தின் ஒலி அருகிலிருந்து வந்தாலும் பேச்சாளர் மேடையிலேயே பேசுவதாகத் தோன்றும். தாமதிக்க மறந்தால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும்.

ஏற்பாட்டுக் குழுவினர் கேட்க வேண்டியவை

நம்மில் பலர் ஏதேனும் ஒரு நிகழ்ச்சியின் ஏற்பாட்டுக் குழுவில் இருந்திருப்போம், இருக்கப்போகிறோம். ஒலி அமைப்பாளரிடம் 'எத்தனை வாட்?' என்பதே நாம் கேட்கும் ஒரே கேள்வியாக இருக்கிறது. அதற்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, இடத்தை அளந்தீர்களா? முதல் வரிசை, கடைசி வரிசை, தொங்கும் உயரம் ஆகிய மூன்று அளவுகள் இல்லாமல் கோணம் சொல்ல முடியாது. லேசர் அளவுமானி ஒன்றால் பத்து நிமிடத்தில் அளந்துவிடலாம்.

இரண்டாவது, கோணங்களைக் கணித்தீர்களா? பெரிய தயாரிப்பாளர்கள் தங்கள் பெட்டிகளுக்கான கணினி நிரலை வழங்குகிறார்கள். பல நிறுவனங்களின் பெட்டிகளுக்குப் பொதுவான ஈஸ் ஃபோகஸ் போன்ற இலவச நிரலும் உண்டு. கணித்த தாளைக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

மூன்றாவது, தூக்கிய பிறகு சரிபார்த்தீர்களா? மேற்பெட்டியில் பொருத்திய லேசர் புள்ளி எங்கே விழுகிறது, சாய்வுமானி என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நான் வேலை செய்யும் குழுவில் மூத்த அண்ணன் ஒருவர் லேசர் புள்ளியைத் தேடிக் கடைசி நாற்காலி வரைக்கும் நடந்து, அங்கே உட்கார்ந்தும் பார்ப்பார். நின்று பார்த்தால் போதாது, மக்கள் உட்கார்ந்துதானே கேட்பார்கள் என்பார். பெட்டிகளைத் தூக்குவதும் இறக்குவதும் பயிற்சி பெற்றவர்களின் வேலை. அவ்வேளையில் கீழே எவரும் நிற்கக்கூடாது.

நான்காவது, நாற்காலிகளைப் பிறகு நகர்த்தினீர்களா? கூட்டம் அதிகம் என்று கடைசி நேரத்தில் பத்து வரிசைகளைப் பின்னால் சேர்ப்பது நம் வழக்கம். அந்தப் பத்து வரிசைகளைப் பார்க்கும் பெட்டி எதுவும் மேலே இல்லை என்பதை நினைவிற்கொள்ளுங்கள். பெரும்பாலும் தாமதமாக வரும் குடும்பங்களும், பேருந்தில் வந்திறங்கும் பள்ளி மாணவர்களும் அங்கேதான் அமர்த்தப்படுகிறார்கள். எத்தனை பேர் வரக்கூடும் என்பதை அமைப்பாளரிடம் முன்பே சொல்லிவிடுவது ஏற்பாட்டுக் குழுவின் கடமை.

கடைசியாக ஒரு சோதனை. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் படித்த அனைவரும் செய்திருக்கிறோம். அதுதான் சொல்வதெழுதுதல். நிகழ்ச்சிக்கு முன் நண்பர் ஒருவரைத் தாளும் பேனாவுமாகக் கடைசி வரிசையின் ஓரத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். மின்விசிறிகளைப் போட்டுவிடுங்கள். மேடையிலிருந்து இன்னொருவர் இயல்பான குரலில் இருபது சொற்களை வாசிக்கட்டும்: கலை, மணம், அரை, களை, மனம், அறை, கழை என்று கலந்து வாசிக்கட்டும். ழகரமும் ளகரமும் பிரிந்து தாளில் விழுந்திருந்தால் கோணம் சரி. இல்லாவிட்டால் சத்தத்தைக் கூட்டாமல் பெட்டியை இறக்கிக் கோணத்தை மாற்றச் சொல்லுங்கள். அதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். கடைசி வரிசையில் அமரப்போகும் மக்களுக்காக நிகழ்ச்சி நிரலில் அந்த அரை மணி நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைப்போம்.